பதினாலு பிளாஸ்திரியும் ஒரு கங்காணியும்

ஒரே காலையில் ஐந்து அக்காமார்களையும் ஒரு கங்காணியையும் வாந்தி எடுக்க வைத்தவன் நான். கெட்டுப்போன சாப்பாடு எதுவும் போடவில்லை. மருந்துதான் கொடுத்தேன். அதுவும் அரசாங்கக் கிளினிக்கில் வாங்கிய, சீல் உடைக்காத, நல்ல மருந்து.

பள்ளி ஆண்டு மலருக்குப் பெற்றோர் ஒருவர் கட்டுரை எழுத வேண்டும் என்று ஆசிரியை கேட்டபோது, "உழைப்பின் பெருமை" என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை. ஆறாம் ஆண்டில் படிக்கும் என் மகள் தாரணி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க. கோயோ கதைய எழுதுங்க."

"அதுல அப்பா மானம் போயிடுமேம்மா."

"அது போயி ஆறு வருஷம் ஆச்சு லா."

ஆகவே பிள்ளைகளே, இது கோயோ கதை. உடம்பு வலித்தால் கடையில் வாங்கித் தோலில் ஒட்டிக்கொள்வோமே, மருந்து தடவிய பிளாஸ்திரி, அதைத்தான் இந்த ஊரில் கோயோ என்கிறோம். மலைச் சரிவில் நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து வெட்டும் அக்காமார்களுக்குச் சோறு தண்ணிக்கு அடுத்தது கோயோதான். ஒருவர் இடுப்பில் இருக்கும், ஒருவர் முட்டியில் இருக்கும். தலைவலி வந்தால் நெற்றிப்பொட்டு இரண்டிலும் ஒட்டிக்கொண்டு கோயிலுக்கே வந்துவிடுவார்கள்.

நான் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறேன். தேயிலைக் காட்டில், எடை போடும் நிறுவைக் கொட்டகையிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஏற்றி ஆலையில் இறக்குவது என் வேலை. அந்தக் காலத்தில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. புகைப்பது. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. ஏன் என்று கேட்டால், "குளிருக்கு" என்பேன். (வெயில் கொளுத்தும் மாதத்திலும் குளிருக்குத்தான்.) மலைக்கே குளிர்கிறது, மலை என்ன சிகரெட்டா பிடிக்கிறது என்று என் மனைவி சாந்தி கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. ஆனால் தீப்பெட்டி இருந்தது.

தாரணிக்கு ஆறு வயதானபோது இழுப்பு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு விசில் சத்தம் கேட்கும். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, இரண்டே அறை. நான் வாசலுக்குப் போய்த்தான் பிடிப்பேன், ரொம்ப யோக்கியன். ஆனால் புகை என் சுவெட்டரில் ஏறி என்னோடு வீட்டுக்குள் வந்துவிடும். டாக்டர் அதைத்தான் சொன்னார். வீட்டில் புகை இருக்கிற வரைக்கும் பிள்ளைக்கு இது நிற்காது என்றார்.

சாந்தி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பிள்ளையின் துணியை எடுத்து வைத்துக்கொண்டு, திரிங்காப்பில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நீங்க விட்டுட்டு போன் பண்ணுங்க. நாங்க வந்துர்றோம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்க்கப் போவேன். வாசலிலேயே சாந்தி கையை நீட்டுவாள். சுவெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பல் விளக்கி, முகம் கழுவி, பனியனோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கலாம். என் மச்சான் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே, "என்ன மாப்ள, குளிருதா?" என்பான். எனக்கு அந்த மனுசனைப் பிடிக்காமல் போனதற்கு முழுக் காரணமும் அந்தக் கேள்விதான்.

மூன்றாவது ஞாயிறு தாரணி என் மடியில் உட்கார்ந்து, "அப்பா, நம்ம வீடு இன்னும் அங்கயே இருக்கா?" என்று கேட்டாள்.

மறுநாளே தானா ராத்தா டவுனுக்குப் போய், புகைப்பதை நிறுத்த உதவும் கிளினிக்கில் பெயரைக் கொடுத்தேன். அங்கே இருந்தவர் மிஸ்ஸி புஷ்பா. (நர்ஸைத்தான் நாங்கள் மிஸ்ஸி என்போம்.) என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் பார்வை தலைமையாசிரியர் பார்வை. கையடக்கமான ஒரு கருவியைக் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதினேன். இருபத்துமூன்று என்று காட்டியது.

"நல்ல மார்க்கா மிஸ்ஸி?"

"அண்ணே, இது உங்க நெஞ்சுக்குள்ள இருக்கிற புகை. குறைய குறையத்தான் நல்லது."

பிறகு என் பேரில் ஒரு கார்டு போட்டு, ஒரு பை கொடுத்தார். உள்ளே பதினாலு பிளாஸ்திரி, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். சிகரெட்டில் இருக்கும் நிக்கோட்டின் இதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியாக உள்ளே போகும், ஆசை அடங்கும், புகை இல்லாமல் விட்டுவிடலாம் என்று விளக்கினார். தினமும் காலையில் ஒன்று, தினமும் வேறு இடம். ஒட்டிக்கொண்டு சிகரெட் பிடிக்கக் கூடாது. வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. பதினைந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை, காலி உறைகளை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி ஊத வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

சாந்திக்குப் போன் போட்டேன். "செவ்வாய்க்கெழம நாங்களும் அங்க வர்றோம். மிஸ்ஸி கார்டுல நல்லபடியா எழுதிட்டாங்கன்னா, அப்படியே உங்க கூட வீட்டுக்கு வந்துர்றோம்" என்றாள். பின்னால் தாரணி குதிக்கும் சத்தம் கேட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மனிதன் பிளாஸ்திரியை ஒட்டாமல் இருப்பானா? இருந்தான். முதல் நாள் காலையில் பனி அதிகம், நாளைக்கு ஆரம்பிக்கலாம் என்று ஒரு சிகரெட். இரண்டாம் நாள் லோரி டயர் பஞ்சர், அந்த எரிச்சலில் ஒன்று. மூன்றாம் நாள் எதுவுமே நடக்கவில்லை, அந்த நிம்மதியில் ஒன்று. இப்படியே பதிமூன்று நாள் ஓடிவிட்டது. பை நான் வாங்கி வந்தபடியே லோரியின் டேஷ்போர்டுக்குள் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் டவுனுக்குப் போயிருந்தேன். டவுனுக்குப் போகும் லோரிக்காரனிடம் லயத்தில் எல்லாரும் சாமான் சொல்லிவிடுவார்கள். அக்காமார்கள் அன்று சொன்னது ஒன்றுதான். "டேய் மணியம், கோயோ வாங்கிட்டு வந்துரு. முதுகு உடையுது." நான் நேராகச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் ஒரு டீ சொன்னேன். கடைக்குள் புகைக்கக் கூடாது அல்லவா? அதைத் தாண்டித்தான் பிடிக்கலாம் என்று ரோட்டில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், தூறலில், டீ கிளாஸைச் சாக்கடை மூடியின் மேல் வைத்துவிட்டுப் பிடித்தேன். நாளைக்குக் கிளினிக் என்று நினைத்து இன்னொன்று பிடித்தேன். அந்த யோசனையில் கோயோ மறந்தே போனது.

இங்கேதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் எல்லாருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

ஒரு நாள் பிடிக்காமல் இருந்தால் ஊதும் கருவியில் எண் குறைந்துவிடும் என்று ஆலையில் ஒருவன் சொல்லியிருந்தான். ஆக, திங்கள் சாயங்காலத்திலிருந்து பிடிக்காமல் இருந்துவிட்டால் ஊதுவது சரி. காலி உறைதான் பிரச்சினை. பிரித்து, உள்ளே இருப்பதைக் குப்பையில் போட்டுவிடலாம். ஆனால் பதினாலும் ஒருவன் குணமாவதற்கான மருந்து. அதை வீசுவது பாவம் என்று தோன்றியது. (பொய் சொல்வது பாவம் என்று தோன்றவில்லை. மனசாட்சி அன்று அரை நாள் லீவு.)

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. சிகரெட் இல்லாமல் விடிந்த காலை. ஸ்டியரிங் இரண்டாகத் தெரிகிறது. நிறுவைக் கொட்டகைக்குப் போய் லோரியை நிறுத்தினேன். அக்காமார்கள் ஆறு பேரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எங்கடா கோயோ?" என்றார் தாயம்மா அக்கா. அந்தக் குழுவில் மூத்தவர், குரலிலேயே கொழுந்து வெட்டக்கூடியவர்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "இருக்குக்கா. இந்த தடவ ஸ்பெசல்."

டேஷ்போர்டிலிருந்து பையை எடுத்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய், மணியம் நீ சாதாரண ஆள் இல்லை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். பிளாஸ்திரிதானே? மருந்துதானே? சிகரெட் பிடிக்கிறவனுக்கே நல்லது செய்கிறது என்றால் பிடிக்காதவர்களுக்கு எவ்வளவு நல்லது செய்யும்! (இதைப் படிக்கும் பிள்ளைகளே, இந்த வாக்கியத்தில் எத்தனை தப்பு இருக்கிறது என்று வகுப்பில் கண்டுபிடியுங்கள்.)

தாயம்மா அக்கா ஒன்றைப் பிரித்து மூக்கருகே வைத்தார். "என்னடா இது, வாசனையே இல்ல?"

"புது மாதிரிக்கா. கவர்மெண்டு சரக்கு. வாசனை வெளிய போகாது, உள்ள போயி வேல செய்யும்."

"அப்ப எனக்கு ரெண்டு. என் இடுப்பு அகலத்துக்கு ஒன்னு பத்தாது."

அவர் இரண்டு கேட்டதும் எல்லாருக்கும் இரண்டு வேண்டியதாகிவிட்டது. ஒருவர் முட்டி இரண்டுக்கும், ஒருவர் தோள் இரண்டுக்கும். உறைகளை மட்டும் கவனமாகத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "குப்ப போடக்கூடாது பாருங்க" என்றேன். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று காளியம்மா அக்கா பாராட்டினார்.

மீதி இரண்டு. அந்த நேரம் பார்த்து, காட்டு வேலையை மேற்பார்க்கும் கங்காணி வந்தார். சிரித்து யாரும் பார்த்திராத மனிதர். அன்று அவர் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியே இருந்தது.

"என்னண்ணே, சுளுக்கா?"

"தலவாணி சரியில்ல."

இரண்டையும் அவர் கழுத்தில் நானே என் கையால் ஒட்டினேன். அழுத்தித் தேய்த்தும் விட்டேன். பதினாலும் தீர்ந்தது. சட்டைப்பையில் பதினாலு உறை. விசில் அடித்துக்கொண்டு லோரியைக் கிளப்பினேன்.

பதினோரு மணிக்குத் திரும்பி வந்தபோது கொட்டகையில் ஒரு மூட்டை கொழுந்தும் இல்லை. அக்காமார்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் அவர் முதுகைத் தடவிவிட்டு, தடவி முடித்ததும் தானும் எடுத்தார்.

"மணியம், மலை சுத்துதுடா" என்றார் தாயம்மா அக்கா. கண்ணை இறுக்க மூடியிருந்தார். "எதிர் மலை இந்தப் பக்கம் வருது. நிறுத்தச் சொல்லு."

கங்காணி ஒரு தேயிலைச் செடியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அழுதார். "நான் யாரையும் அப்படி ஏசியிருக்கக் கூடாது" என்று செடியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சாகப்போகிறோம் என்றே முடிவு கட்டிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆறு பேரில் காளியம்மா அக்கா மட்டும் நிமிர்ந்து நின்று, வெற்றிலை மென்றுகொண்டு, எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சுற்றிப் பார்த்தார். ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு வாந்தி, மயக்கம் என்றால் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பூச்சி மருந்து.

"பக்கத்துக் காட்டுல நேத்து மருந்து அடிச்சது யாரு?"

"நான்தாங்க" என்றார் ஆறுமுகம் அண்ணன். ஓடி வந்ததில் அவருக்கு மூச்சு இரைத்தது. "அளவாத்தான் கலந்தேன் கிராணி. முருகன் சத்தியமா அளவாத்தான் கலந்தேன்."

"அதெல்லாம் டாக்டர் சொல்லட்டும். டப்பாவ எடுத்துக்கிட்டு கூடவே போ. இன்னையோட நீ மருந்து அடிக்கிறத நிறுத்து. மத்தத மேனேஜர் பாத்துக்குவாரு."

கொழுந்து ஏற்ற வேண்டிய லோரியில் ஆளை ஏற்றினோம். கோணிகளை விரித்து வரிசையாகப் படுக்க வைத்தோம். ஆறுமுகம் அண்ணன் காலி மருந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். வளைவுக்கு வளைவு பின்னாலிருந்து வாந்திச் சத்தமும் சாமி பேரும் மாறி மாறி வந்தன.

"தம்பி, இவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு லயத்துல இருப்பேன்?" என்றார் அவர். "பதினெட்டு வருசமா அடிக்கிறேன்டா. ஒரு கோழிக்குக்கூட ஒன்னும் ஆனதில்ல."

சட்டைப்பையில் பதினாலு உறைகளும் சரசரத்தன. "அண்ணே" என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் கியரை மாற்றினேன். சொன்னால் சாந்திக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் பிள்ளை வராது.

கிளினிக் வாசலில் லோரியை நிறுத்தினால், படிக்கட்டில் சாந்தியும் தாரணியும் உட்கார்ந்திருந்தார்கள். சாந்தி மடியில் பெரிய துணிப்பை. தாரணி முதுகில் பள்ளிக்கூடப் பை. வீட்டுக்கு வருவதற்குத் தயாராக வந்திருந்தார்கள்.

"அப்பா!" என்று அவள் ஓடி வந்தாள். பாதி தூரத்தில் நின்று, லோரியின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தள்ளுவண்டிகள் வந்தன. டாக்டர் ஆறுமுகம் அண்ணனிடமிருந்து டப்பாவை வாங்கி, அதில் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டே விஷமுறிவு ஊசியைத் தயார் செய்யச் சொன்னார். மிஸ்ஸி புஷ்பா ஓடினார். ஆறுமுகம் அண்ணன் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இடப்பக்கம் அவர். வலப்பக்கம் துணிப்பையோடு என் மனைவி. தேவையில்லாத ஊசி ஒன்று தாயம்மா அக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"டாக்டர்!" என்று கத்தினேன். "அது பூச்சி மருந்து இல்ல. நான்தான். கோயோன்னு சொல்லி நான்தான் ஒட்டிவிட்டேன்."

சட்டைப்பையிலிருந்து உறைகளை எடுத்து மேசையில் கொட்டினேன். மிஸ்ஸி ஒன்றை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உறையைப் பார்த்தார். கையுறையை மாட்டிக்கொண்டு தாயம்மா அக்காவின் இடுப்பிலிருந்து இரண்டைப் பிய்த்தார். அடுத்தவர் முட்டியிலிருந்து இரண்டு. கங்காணி கழுத்திலிருந்து இரண்டு. எல்லாவற்றையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்தார்.

"பதினாலு" என்றார். "பதினாலும் இருக்கு. இதுல ஒன்னுகூட உங்க உடம்புல இல்ல, அண்ணே."

"இல்ல மிஸ்ஸி."

"யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மிஸ்ஸி. தலையாட்டினேன்."

அப்போதுதான் தாரணி, தன் அம்மாவின் கையை இழுத்து, எல்லார் காதிலும் விழும்படி பெருமையாகச் சொன்னாள்: "அம்மா, அப்பா தன்னோட மருந்த எல்லாருக்கும் பகுந்து குடுத்திருக்காரு!"

பாலர் பள்ளியில் அந்த வாரம்தான் பகிர்ந்து சாப்பிடக் கற்றுக்கொடுத்திருந்தார்களாம். நான் வாழ்க்கையில் வாங்கிய ஏச்சுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்தப் பாராட்டுக்கு ஈடாகாது.

சாந்தி துணிப்பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். தாரணி கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்தாள். பிள்ளை திரும்பித் திரும்பிக் கை காட்டிக்கொண்டே போனாள். அவளுடைய அப்பா நல்லவர் என்ற நினைப்பிலேயே போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிளாஸ்திரியைப் பிய்த்து, அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவி, சில மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகத் தெளிந்தார்கள். பழக்கமில்லாத உடம்பில் இவ்வளவு நிக்கோட்டின் ஏறினால் இதுதான் நடக்கும், இதய நோய் உள்ளவர் யாராவது இருந்திருந்தால் கதையே வேறு என்று டாக்டர் சொன்னார். சிரிக்காமல் சொன்னார். நானும் அதை இங்கே சிரிக்காமல்தான் எழுதுகிறேன்.

"அப்ப இந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் ஒன்னும் ஆகல?" என்று அவர் காளியம்மா அக்காவைக் காட்டினார்.

"எனக்கு நல்லா சுகமா இருந்துச்சு டாக்டர்" என்றார் காளியம்மா அக்கா. "இன்னும் ரெண்டு இருக்கா?"

மிஸ்ஸி அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். வெற்றிலையோடு புகையிலை. முப்பது வருடப் பழக்கம். அன்றே அவருக்கும் ஒரு கார்டு போட்டுவிட்டார்கள்.

நான் முதலில் ஆறுமுகம் அண்ணன் முன்னால் போய் நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, டப்பாவை என் கையில் கொடுத்து, "நீயே கிராணிகிட்ட குடு. நீயே சொல்லு" என்றார். அங்கிருந்தே கிராணிக்குப் போன் செய்து சொன்னேன். (மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வேலை தப்பியது.) பிறகு அக்காமார்களின் கட்டில்களுக்கு நடுவே போய் நின்றேன்.

தாயம்மா அக்கா எழுந்து உட்கார்ந்தார். "இங்க வாடா. இந்தக் கருமத்தையா நீ தினம் உள்ள இழுக்கிற?"

"ஆமாக்கா."

"மலையே சுத்துது, கொடலே வெளிய வருது. இதுக்காடா புள்ளைய அனுப்பிட்டு உக்காந்திருக்க?"

"மொதல்ல எனக்கும் இப்படித்தான் இருந்துச்சுக்கா. அப்புறம் பழகிடுச்சு."

அவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். "ஏன்டி, என் வீட்டுக்காரரும் இதத்தான இழுக்கிறாரு?" என்றார். "எங்க வீட்டுலயும்தான்" என்றார் பக்கத்துக் கட்டில். அந்த அறையில் இருந்த கோபம் என்னைத் தாண்டி வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்புவதைக் கண்ணால் பார்த்தேன்.

எனக்கான தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. மிஸ்ஸி எனக்கு மறுபடி பிளாஸ்திரி கொடுப்பார். ஆனால் பை என்னிடம் இருக்காது, தாயம்மா அக்காவிடம் இருக்கும். தினமும் காலை ஏழு மணிக்கு நிறுவைக் கொட்டகையில், எல்லார் முன்னாலும் நான் சட்டையைத் தூக்க வேண்டும். முறை வைத்து ஒருவர் ஒட்டிவிடுவார்.

ஒட்டிவிடுவார் என்றா எழுதினேன்? அறைந்துவிடுவார். முதுகில், தோளில், புஜத்தில், ஒவ்வொரு நாளும் புது இடத்தில், பட்டென்று. "விழுந்துடக் கூடாதுல்ல" என்பார்கள். கங்காணி கடைசியாக வந்து விரலால் அழுத்திச் சோதிப்பார். அந்தக் குளிரில், அத்தனை பேர் முன்னால், வயிறு தெரிய நிற்கிறவனுக்குப் புகைக்கும் ஆசை எங்கிருந்து வரும்?

வந்தது. பொய் சொல்லக் கூடாது. மூன்றாவது வாரம் ஆலைக்குப் பின்னால் ஒருவன் பற்ற வைத்தான், நான் வாங்கி மூன்று இழுப்பு இழுத்தேன். மறுநாள் காலையில் சட்டையைத் தூக்குவதற்கு முன்னால் நானே தாயம்மா அக்காவிடம் சொன்னேன்.

"நேத்து இழுத்துட்டேன்க்கா."

நான் கண்ணை மூடிக்கொண்டு அறை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "மிஸ்ஸி என்ன சொன்னாங்க? இடையில ஒரு நாள் தவறினா அதோட விட்டுராத, திரும்ப ஆரம்பின்னு சொன்னாங்களா இல்லையா?" என்றார் அவர். அன்று மட்டும் பிளாஸ்திரியை மெதுவாக ஒட்டினார். ஓரங்களை விரலால் நீவிவிட்டார். அதற்குப் பிறகு நான் ஒரு இழுப்பும் இழுக்கவில்லை. பயத்தால் விடவில்லை. அந்தக் கை மெதுவாக ஒட்டியதனால் விட்டேன்.

எட்டாவது வாரம் போய் ஊதினேன். இரண்டு என்று காட்டியது. மிஸ்ஸி நம்பாமல் இன்னொரு தடவை ஊதச் சொன்னார். மறுபடியும் இரண்டு. கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் படம் பிடித்துச் சாந்திக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், வாசலில் பிள்ளையின் செருப்பு கிடந்தது. சாந்தி வழக்கம்போலக் கையை நீட்டினாள். சுவெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். மூக்கருகே வைத்து முகர்ந்தாள். காலர், கை, அக்குள் (அங்கே வேறு வாசனை, அதற்கு நான் பொறுப்பல்ல). பிறகு அதை உதறி, என் தோளில் போட்டுவிட்டாள்.

"உள்ள வாங்க. குளிருது."

அக்காமார்களின் வீடுகளில் நடந்தது இன்னொரு கதை. நிக்கோட்டின் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்ட பெண்கள் சும்மா இருப்பார்களா? அந்த மாதமே நான்கு கணவன்மார்களை என் லோரியில் ஏற்றிக் கிளினிக்கில் இறக்கினார்கள். ஆள் கூடியதும், மிஸ்ஸி புஷ்பாவே மாதம் ஒருமுறை தோட்டத்து மண்டபத்துக்கு ஊதும் கருவியோடு வர ஆரம்பித்தார். இன்றும் வருகிறார். எல்லாரும் விட்டுவிட்டார்கள் என்று சொன்னால் பொய். தாயம்மா அக்கா வீட்டுக்காரர் மூன்று முறை விட்டு மூன்று முறை பிடித்து, இப்போது நான்காம் முறை விட்டிருக்கிறார். காளியம்மா அக்கா புகையிலையை நிறுத்தி, வெறும் வெற்றிலைக்கு வந்து, இப்போது அதையும் குறைக்கிறார். முன்பு லயத்து வாசல்களில் சாயங்காலம் உட்கார்ந்தால் பனி எது, புகை எது என்று தெரியாது. இப்போது தெரிகிறது. பனிதான்.

என் பேர் மட்டும் தேறவில்லை. கல்யாண வீட்டில் யாராவது முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், "மணியம் வர்றான், முதுக மூடிக்க!" என்று ஒரு குரல் வரும். கங்காணி இப்போதெல்லாம் சிரிக்கிறார், ஆனால் என்னைப் பார்த்தால் மட்டும் கழுத்தில் கை போகிறது.

போன மாதம் நம் பள்ளி விளையாட்டுப் போட்டி நடந்ததல்லவா? இருநூறு மீட்டர் ஓட்டத்தில் தாரணி மூன்றாவதாக வந்தாள். கோட்டைத் தாண்டிய பிறகு கால் பிசகி விழுந்தாள். ஓடிப் போய்த் தூக்கினேன். பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. விசில் சத்தம் இல்லை. காதை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் காலையே பார்த்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்து, கடைக்கு ஓடி ஒரு பெட்டி கோயோ வாங்கி வந்தேன். அசல் கோயோ. மூன்று வீடு தள்ளி வாசனை அடிக்கும். ஒன்றைப் பிரித்தேன்.

"அப்பா, நில்லுங்க. பெட்டியக் குடுங்க."

வாங்கிப் படித்தாள். மலாயில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. பின்பக்கத்துச் சின்ன எழுத்தையும் விடவில்லை. சாந்தியிடம் கொடுத்து அவளையும் படிக்க வைத்தாள். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொதல்ல உங்க கையில ஒட்டுங்க" என்றாள் என் மகள்.

ஒட்டிக்கொண்டேன். சாந்தி சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வந்து மேசையில் வைத்தாள். அம்மாவும் மகளும் எதிரே உட்கார்ந்து, நான் ஏதாவது ஆகிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முழுதாக அரை மணி நேரம் கழித்துத்தான் தாரணி காலை நீட்டினாள்.